இரண்டு பத்து

வாசலில் பாடையின் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு மகாதேவன் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து.

"தூக்கிருவோம். ஒண்ணரைக்குக் குளிகை. அதுல எடுத்தா வீட்ல இன்னொண்ணும் போவும்."

"அக்கா வந்துரட்டும் மாமா," என்றான் நகுல். "ரயிலு தாணேக்கு முன்னால சிக்னல்ல நிக்குதாம்."

"குளிகை முடிய மூணு ஆவும். சுடுகாட்டுல நம்பர் ரெண்டரைக்கு. விட்டா நாளைக்குத்தான். நான் என்னல செய்ய?"

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அக்கா மாரிசெல்வி அப்பா முகத்தை வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

நகுல் உள்ளே போனான். ஒற்றை அறை. தரையில் அப்பா. தலைமாட்டில் அம்மா. சுவரில், ஊரிலிருந்து வருடாவருடம் வரும் தினசரி காலண்டர்.

அதில் அச்சடித்த நேரத்தை அப்பா நம்பியதில்லை. காலையில் மராட்டிப் பேப்பரில் சூரிய உதயம் பார்ப்பார். பகலை எட்டாக வகுத்து, திங்கள் என்றால் குளிகை ஆறாவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பென்சிலால் திருத்துவார். "மணி எங்கயும் ஒண்ணுதாம்ல. சூரியன் இங்க பிந்தில்லா வாரான்." ராகு காலம் கழியாமல் அவருடைய தாராவிப் பட்டறையில் தோலில் கத்தி படாது. எட்டுப் பேர் பீடியோடு வாசலில் நிற்பார்கள்.

"ராகுவுக்கும் லோக்கல் லேட்டாப்பா?" என்று நகுல் கேட்பான். அவரும் சிரிப்பார். எழுதுவதை நிறுத்தமாட்டார்.

இன்றைய தாளில் பென்சில் இல்லை. விடியுமுன்பே போய்விட்டார்.

நகுல் போனில் பார்த்தான். உதயம் ஏழு பதினாலு, அஸ்தமனம் ஆறு இருபது. எட்டாக வகுத்தான். இன்று திங்கள்; ஆறாவது பங்கு இரண்டு பத்துக்குத் தொடங்கியது. அவன் சொன்னால் மாமா கேட்கமாட்டார்.

காலண்டர் ஆணியிலிருந்து நூலில் பென்சில் தொங்கியது. ஆணி, குள்ளமான அப்பாவின் உயரத்துக்கு அடித்தது. குனிந்து, அவரைப் போலவே இரண்டுக்கு வால் இழுத்து எழுதினான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அப்பா எழுதிருக்காவ. ரெண்டு பத்தாம்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "இன்னைக்குள்ளத எப்பம் எழுதுனாரு?"

பட்டறைக் கூட்டாளி நாகூர் கனி வாசலிலிருந்து சொன்னார்: "அண்ணாச்சி கணக்கு தப்பாது. எங்க தொழுகை நேரமும் ஊர்ல ஒண்ணு, இங்க ஒண்ணுதான்."

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"அவிய எழுத்துதான்," என்றாள் அம்மா.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு மாரிசெல்வி பையைச் சந்திலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். இரண்டு ஐந்துக்குத் தூக்கினார்கள். சந்து குறுகல். பாடையைச் சாய்த்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்த நகுலுக்கு அம்மா துண்டை நீட்டினாள்.

"நாளைக்குள்ளதையும் எழுதிப் போடு. ஆணியை வேணா மேல அடிச்சுக்கோ."

நகுல் காலண்டரில் அன்றைய தாளைத் தூக்கிப் பிடித்தான். ஆணியைத் தொடவில்லை. குனிந்தான்.