பூஜ்யத்தில் நின்ற முள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. செத்துப்போன மீட்டர்களை வாங்கி வந்து உயிர் கொடுப்பாள். மாடியறை அலமாரி முழுக்க அவைதான். "இவளை நகைக்கடை வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினாலும் பார்வை எதிர்ல இருக்கிற காயலாங்கடைக்குத்தான் போகும்" என்பார் தையல்காரரான அவள் கணவர்.

அந்த முறை அகப்பட்டது ஒரு பழைய மெக்கர். மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குக் கசிகிறதா என்று காட்டுகிற கருவி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் டைனமோ ஓடும். கசிவில்லை என்றால் முள் எதிர் ஓரத்துக்குப் போய் நிற்கும். கசிந்தால் பூஜ்யத்துக்கு விழும். பெட்டி திடமாக இருந்தது. சுற்றும் கைப்பிடிதான் இல்லை. தொட்டுப் பார்க்கும் இரண்டு ஒயர்களும் இல்லை. கேட்டதற்குக் காயலாங்கடைக்காரர், "பெட்டி மட்டும்தான்மா வந்துச்சு. கைப்பிடியை வெச்சு நான் என்ன பல்லா வெளக்கப் போறேன்?" என்றார்.

டைனமோவைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டாள். தடித்த ரப்பர் ஒயர் வாங்கி நுனியில் கிளிப் வைத்தாள். கைப்பிடிக்குத்தான் நாயாய் அலைந்தாள். கடைசியில் கணவரின் உடைந்த தையல் மெஷினில் கைச்சக்கரப் பிடி கண்ணில் பட்டது. துளை பெரிதாக இருந்ததால் பித்தளைத் துண்டொன்றை அரத்தால் ராவி உள்ளே செருகினாள்.

"இன்னிக்கு மெஷினோட கை. நாளைக்கு என் கை" என்றார் அவர்.

"உங்க கை இதுக்குப் பொருந்தாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மெக்கர் வேலை செய்தது. சும்மா இருப்பாளா? இஸ்திரிப்பெட்டி, மிக்சி, ஃபிரிட்ஜ் என்று மாடியில் ஒன்று விடாமல் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். கீழ்வீட்டில் வேன் ஓட்டும் கொழுந்தனும் ஓரகத்தியும் அவர்களுடைய இரண்டு வயது மகளும் இருந்தார்கள்.

"வாஷிங் மெஷினையும் பாத்துடறேன்மா."

"சீக்கிரம் பாருங்கக்கா. துணியெல்லாம் போட்டுட்டேன், ஸ்விட்ச்சைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு கிளிப்பைப் பிளக்கின் முனையிலும் மற்றதை மெஷின் உடம்பில் இருந்த ஒரு திருகிலும் மாட்டிச் சுற்றினாள்.

முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

தன் கைவேலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கிளிப்பைக் கழற்றிச் சுற்றினாள். முள் எதிர் ஓரத்துக்குப் போனது. மாட்டிச் சுற்றினாள், பூஜ்யம். ஓரகத்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைத் தொட்டா உனக்கு ஏதாவது பண்ணுதா?"

"அப்பப்போ சுருக்குனு இழுக்கும்க்கா. உங்க கொழுந்தன்கிட்டகூடச் சொன்னேன். கம்பளியைத் தொட்டாலும்தான் சுருக்குங்குது, விடுன்னாரு."

அவளுக்கு ஒன்று விளங்கவில்லை. இந்த அளவு கசிந்தால் எர்த் ஒயர் வழியாகத் தரைக்குப் போய் மெயின் ஸ்விட்ச் விழுந்திருக்க வேண்டுமே. பிளக்கைத் திருகிப் பிரித்தாள். பச்சை நிற எர்த் ஒயர் அடியோடு நறுக்கப்பட்டு, நுனியில் ஒட்டுநாடா சுற்றியிருந்தது. யாரோ பொறுமையாக, சுத்தமாகச் செய்த வேலை.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளே வந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"அது நான் பண்ணினதுதான் அண்ணி. துணி பிழியறப்போ எல்லாம் மெயின் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த ஒயரை எடுத்துவிட்டேன், அப்புறம் ஒரு தடவைகூட விழல." குரலில் பெருமை இருந்தது.

அவள் அவனையே பார்த்தாள். கோபம்கூட வரவில்லை.

"தம்பி, விழுந்தது உங்களைக் காப்பாத்தறதுக்கு. இந்த மெஷின் ஒடம்பு முழுக்க கரண்ட் நிக்குது. நீங்க இவ்வளவு நாள் எப்படித் தப்பிச்சீங்கன்னே எனக்குத் தெரியல."

மூன்று பேரின் பார்வையும் ஒரே நேரத்தில் தரைக்குப் போனது. வழுக்காமல் இருக்க மெஷின் முன்னால் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று எப்போதும் கிடக்கும். அன்று வெறும் தரைதான் இருந்தது, ஈரத்தோடு. விரிப்பைக் காலையில்தான் கழுவி வெளியே கொடியில் போட்டிருந்தாள் ஓரகத்தி.

அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள் குழந்தை. துணி சுற்றும்போது மெஷினைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொள்வது அவளுடைய விளையாட்டு. இப்போதும் அதற்காகத்தான் காத்திருந்தாள். "பெரிம்மா, சுத்தல?" என்று கேட்டாள்.

ஓரகத்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது, அலறல் என்றும் சொல்ல முடியாது. மகளை வாரித் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

கொழுந்தன் மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒன்று தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு பளபளத்தது. அவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் கையில் இருந்த ஸ்குரூடிரைவரை அவள்தான் வாங்கி வைத்தாள்.

சாயங்காலம் அவன் மாடிக்கு வந்தான். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றான். குழந்தை தையல்காரரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

ஓரகத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கு இழுக்குதுன்னு சொன்னேனே, அப்போ அந்த ஒயரை வெட்டினது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

அவன் தூங்கும் மகளைப் பார்த்தான்.

"இருந்துச்சு" என்றான். "ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணல."

ஓரகத்தி தலையை ஆட்டினாள்.

மறுநாளே கொழுந்தன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கீழ்வீட்டின் பிளக்குகள் அத்தனையையும் பிரித்துப் பார்க்க வைத்தான். அந்த வாரம் முழுக்க ஓரகத்தியும் குழந்தையும் மாடியிலேயே இருந்தார்கள். கீழே அவன் ஒருவனாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று பேருடைய துணியையும் கையால் துவைத்துக்கொண்டிருக்கும் சத்தம் தினமும் காலையில் மேலே கேட்டது.