ஒரு வாளி குறைவு

2024 நவம்பர் 17, ஞாயிறு

கணக்கில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். பத்துக் கண்ணாடிக் குடுவைகளில் இருந்த பியரைக் கூட்டிப் பார்த்து, பீப்பாய் நிரம்ப அது போதும் என்று போன கிழமை எழுதினேன். குடுவைகளின் அடியில் தங்கும் மண்டியைக் கழிக்க மறந்துவிட்டேன். மாலை வகுப்பில் இரண்டாவது பாடத்திலேயே சொல்லித் தந்த விஷயம் இது.

அந்த வகுப்பில்தான் கீதனைச் சந்தித்தேன். பியர் காய்ச்சப் பழகும் வகுப்பில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மேசையில் விட்டார்கள். பிறகு இந்த ஸ்காபரோ பேஸ்மென்டில் ஒன்றாக இருக்கத் தொடங்கி, கோடை முழுதும் சனிக்கிழமைகளில் காய்ச்சினோம். நயாகராவிலிருந்து வந்த பழைய வைன் பீப்பாயில் ஒரு வருடம் புளிக்க விட்டு, எங்கள் கலியாணத்துக்குத் திறப்பது என்று திட்டம்.

மூன்று கிழமையாக அவன் பிறம்ரனில் அக்கா வீட்டில் இருக்கிறான். "கொஞ்சம் யோசிக்கவேணும்" என்று சொல்லிப் போனவன். பிரிந்துவிட்டோமா என்று நான் கேட்கவில்லை. குடுவைகளைத் தனியாகத் தூக்க முடியாது என்று தகவல் அனுப்பினேன். இன்று வந்தான்.

"ரியூபை நீர் பிடியும், நான் தூக்குறன்" என்றான்.

நீர். இவ்வளவு காலமும் என்னை நீ என்றுதான் சொல்வான். கவனிக்காதது போல், குடுவையிலிருந்து பீப்பாய்க்குள் பியரை இறக்கும் ரியூபைப் பிடித்தேன்.

மேல்வீட்டுக் கிளடிஸ் அன்ரி படியில் நின்று பார்த்தா.

"பிள்ளையள், உது வெடிச்சு என்ரை வீட்டைத் தூக்காதே?"

"வெடிக்காது அன்ரி, புளிக்க மட்டுந்தான் செய்யும்" என்றான் கீதன்.

"புளிக்கிறதுக்கு ஒரு வருசமே? என்ரை தோசைமா ஒரு ராவிலை புளிக்குது. சரி, கலியாணத்திலை முதல் கிளாஸ் எனக்குத்தான், சொல்லிப்போட்டன்."

அவன் சிரித்தான். அடுத்த குடுவையைத் தூக்கினான்.

பத்தாவது குடுவையும் முடிந்தபின் பீப்பாயின் வாய்க்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். ஒரு வாளியளவு குறைவு. அவ்வளவு காற்று உள்ளே நின்றால் பியர் கெட்டு வினாகிரியாகிவிடும்.

எழுத வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம் வந்தது. இன்னொரு தரம் காய்ச்ச வேண்டும், அது நுரைத்து அடங்க வேண்டும். அதுவரை அவன் வந்து போவான்.

"என்ரை பிழைதான். வாற சனி இன்னொருக்காக் காய்ச்சுவமே? அதுவரைக்கும் தாங்கும்" என்றேன்.

பீப்பாயைப் பார்த்தபடி நின்றான். பிறகு ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாப்பாடு வாங்கப் போகிறான் என்று நினைத்து இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.

திரும்பி வந்தவன் கையில் இரண்டு பெட்டி பியர் கான்கள். கடைப் பியர். கடைப் பியரில் ஒரு சொட்டும் எங்கள் பீப்பாய்க்குள் போகக்கூடாது என்று என்னைச் சத்தியம் செய்ய வைத்தவன் அவன்.

ஒவ்வொரு கானாக உடைத்துப் பெரிய சட்டியில் ஊற்றி, காஸ் போகும்வரை அகப்பையால் கலக்கினான். நான் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் வெளியே சிந்தியது.

"கடைப் பியர் வேண்டாமெண்டு நீதானே சொன்னனி."

"ஓம். இப்ப பரவாயில்லை."

"ஒரு சனிக்கிழமைதானே, கீதன்."

"அதுதான் ஏலாது, றஜிதா." புனலைப் பார்த்தபடியே சொன்னான். "ஒரு சனி வந்தா அடுத்ததுக்கும் வருவன். பிறகு உமக்குச் சொல்லவே மாட்டன்."

பீப்பாய் வாய்வரை நிரம்பியது. தக்கையை அவன்தான் இறுக்கினான்.

"மாசம் மாசம் கொஞ்சம் குறையும். இப்பிடியே கான் வாங்கி ஊத்தும். தனியச் செய்யலாம்."

மேலிருந்து அன்ரி கேட்டா: "கீதன், சாப்பிட்டிட்டுத்தானே போறீர்?"

"இல்லை அன்ரி, 401 றோட்டு வாகனத்தாலை இறுக முதல் போகவேணும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டபின் புனலைக் கழுவினேன். கழுவினேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கழுவினேன். பிரிந்துவிட்டோமா என்று முதல் கிழமையே கேட்டிருக்க வேண்டுமோ, கேட்டிருந்தாலும் இதுதானோ, தெரியவில்லை. நிரம்பிய பீப்பாயை இனி ஒருவராலும் இந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது. என் கட்டிலிலிருந்து பார்த்தால் அதுதான் தெரிகிறது.

நாளை மாலை, வேலையால் வந்ததும், வெற்றுக் கான்களைக் கழுவிப் பைகளில் கட்டிக் கானுக்குப் பத்துச் சதத்துக்குக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.