சும்மா கொதிக்கும் செட்டு

மைக்கில் யாரும் பேசவில்லை. தட்டில் பாட்டும் ஓடவில்லை. ஆனாலும் சுப்பையனின் பெரிய மைக் செட்டு, மேடேறி வந்த பருத்த மனுஷன் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து சுப்பையன் அரை மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி மேல்தகட்டைத் தொட்டார். சுரீர் என்றது. விரலை உதறிக்கொண்டார்.

"வேலை செய்யாத பயலுக்கு எதுக்குடா இவ்வளவு காய்ச்சல்?" என்று செட்டையே கேட்டார்.

காஜா பெராங் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, கொம்பு ஸ்பீக்கர் கட்டுவது சுப்பையன்தான். இது பட்டாளத்துக்காரன் கழித்துவிட்ட செட்டு. உள்ளே வரிசையாக வால்வுகள், அவற்றைக் குளிர வைக்க ஒரு சின்னக் காற்றாடி. வருகிற ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலை நாட்டுக்குச் சுதந்திரம். ஊரே திடலில் கூடும். கோலாலம்பூரிலிருந்து ரேடியோவில் வரும் அறிவிப்பை அத்தனை பேர் காதுக்கும் கொண்டுபோக வேண்டியது அவர் செட்டு. நடுவில் அது செத்துப்போனால் அப்புறம் சாவு வீட்டுக்குக்கூட அவரை எவனும் கூப்பிட மாட்டான். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அவருடைய சந்தேகம் நேராகப் பக்கத்துத் தெங்கேராவுக்குப் போயிற்று. அங்கேதான் தேவதாஸின் ரிப்பேர் கடை. ஜூலையில் ஏதோ கம்பி விட்டுப்போனதென்று செட்டை அவனிடம் கொடுத்தார். மூன்று நாள் அங்கே கிடந்தது. திரும்பி வந்த பத்துப் பதினைந்து நாளில் இந்த இரைச்சல், இந்தச் சூடு. நல்ல இங்கிலாந்து வால்வை உருவிக்கொண்டு தேய்ந்துபோனதைச் சொருகிவிட்டான். வேறென்ன?

சுப்பையன் ஏமாந்தவர் இல்லை. கொடுக்கும் முன்பே நான்கு பெரிய வால்வுகளின் அடியிலும் ஆணியால் 'சு' என்று கீறி வைத்திருந்தார். மேல்மூடியைத் திறந்து பார்த்தார். நான்கிலும் 'சு' இருந்தது. அதற்காக அவர் சமாதானம் ஆகிவிடவில்லை. 'கீறல்தானே? அவன்கிட்டயும் ஆணி இருக்குமே' என்று மூடியைச் சாத்தினார்.

புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கொட்டகைக்கு இருபத்திரண்டு வருஷம் விறகு தள்ளியவர் அவர். விறகு போட்டால் சூடு. போடாமல் சூடு வந்தால், எவனோ நமக்குத் தெரியாமல் போட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் போகாத மனுஷனுக்கு அந்தப் பாடம் போதுமாக இருந்தது.

அது மட்டுமா? வேற்றிடத்தில் மூன்று நாள் கிடந்த செட்டின் மேல் எத்தனை கண் பட்டதோ! வெள்ளிக்கிழமை மட்டும் காட்டிவந்த சாம்பிராணியை, அது திரும்பி வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் காட்டினார். காற்றாடி ஓடும்போதே பின்பக்கம் தூபக்காலைப் பிடிப்பார். புகை உள்ளே போனால்தானே உள்ளே இருக்கும் திருஷ்டி கழியும்? முடிந்ததும் ஒரு பிடி திருநீறு எடுத்து ஊதுவார். அதையும் செட்டு இழுத்துக்கொள்ளும்.

இன்றைக்கு ஒரு சோதனை வைத்தார். மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு துண்டு கிள்ளி மேல்தகட்டில் வைத்து, சுருட்டைப் பற்றவைத்தார். பாட்டில்லாமல் செட்டு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சுருட்டு பாதி கரைவதற்குள் மெழுகு தண்ணீராயிற்று. ஆறவிட்டு, மறுபடி மெழுகு வைத்து, இந்தத் தடவை பாட்டுத் தட்டைச் சுழலவிட்டார். சுருட்டு முக்கால்வாசி முடிந்த பிறகுதான் மெழுகு இளகியது.

"பாத்தியா! வேலை செஞ்சா சூடு கம்மி, சும்மா இருந்தா சூடு ஜாஸ்தி. எங்கயாவது உண்டா இது?"

"ஏன் இல்ல?" என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி பூங்காவனம். "தோட்டத்து வேலைய விட்டு வந்ததுலேர்ந்து நீங்க இல்லையா?"

மறுநாள் தேவதாஸை வரச் சொல்லி அனுப்பினார். அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்னா தவுக்கே, முதலாளியோட செட்டு ரொசாக்கா?"

"கெடுத்து ரொசாக் ஆக்குனவனே கேக்குறான் பாரு."

கிண்டலென்று நினைத்துக்கொண்டு தேவதாஸ் செட்டருகே காதை வைத்துக் கேட்டான். மெழுகுச் சோதனையையும் கேட்டுக்கொண்டான்.

"அண்ணே, பாட்டு இல்லாதப்பதான் இதுக்குச் சூடு அதிகம். இந்த மாதிரி செட்டு எப்பவும் ஒரே அளவு கரண்டு தின்னும். பாட்டு போட்டா அதுல கொஞ்சம் கொம்புக்குப் போயிடும். போடலன்னா மொத்தமும் உள்ளயே கொதிக்கும்."

"கொம்புக்குப் போவுதா? கொம்பைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்கு. யாருக்குடா காது குத்துற?"

"சூடாப் போவலண்ணே, சத்தமாப் போவுது! அது கிடக்கட்டும். காத்தாடி இப்படிக் கத்தக் கூடாது. பின்மூடியைக் கழட்டுங்க, பாத்துருவோம்."

"கழட்டுனா மிச்ச வால்வையும் தூக்கிட்டுப் போவ."

தேவதாஸின் சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார் காசிவிஸ்வநாதன் செட்டியார். சுதந்திர விழாக் கமிட்டிக்குக் காரியதரிசி. அவருக்குப் பின்னால் தெருவில் போன இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"என்னா சொன்னீங்க?" என்றான் தேவதாஸ்.

"திருடன்னு சொன்னேன். காது கேக்கலையா?"

தேவதாஸ் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் வைத்தான். "நம்பித்தான் ஒவ்வொருத்தனும் என் கடையில செட்டை விட்டுட்டுப் போறான். இந்தப் பேச்சு பரவுச்சுன்னா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். உங்க செட்டை இனிமே தொட மாட்டேன்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

செட்டியார் செட்டின் இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டார். "சுப்பையா, வால்வு கீல்வெல்லாம் எனக்குத் தெரியாது. அன்னைக்கு இது பக்கத்துல தேவதாஸ் நிக்கணும். அவன் வர மாட்டேன்னா நான் வேற செட்டு பாத்துக்கிறேன். நாளைச் சாயங்காலம் வரைக்கும் பொறுப்பேன்."

அவர் தலை மறைந்ததும் சுப்பையன் மின்சாரத்தைப் பிடுங்கினார். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு தடயம் உள்ளே இல்லாமலா போகும்? பூங்காவனத்தைச் சாட்சிக்கு நிற்க வைத்துப் பின்மூடியைக் கழற்றினார்.

காற்றாடிக்கு முன்னால் கம்பி வலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஏதோ அப்பிக் கிடந்தது. விரலால் சுரண்டினார். பிசுபிசுத்தது. மூக்குக்குக் கொண்டுபோனார். கோயில் வாசனை அடித்தது. காற்றுப் போக ஊசிமுனை அளவுகூட வழியில்லை.

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். "தேவதாஸ் தம்பி தெங்கேராவுலேர்ந்து வந்து தெனமும் சாம்பிராணி போட்டுட்டுப் போயிருக்கு போல."

சாம்பிராணி விற்றவன் கலப்படம் செய்திருப்பானா என்று சுப்பையன் ஒரு கணம் யோசித்தார். திருநீறு விற்றவனையும் யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் தூபக்கால் தன் கையில்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பிசினைத் துடைத்தார். வலை காய்ந்ததும் மூடியை மாட்டிச் செட்டைப் போட்டார். காற்றாடி ஓடுகிறதா என்று காதை ஒட்டி வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. மெழுகு வைத்தார். ஒரு சுருட்டு முடிந்து இரண்டாவது பற்றவைத்த பிறகே இளகியது. பாட்டுப் போட்டபோது இன்னும் தாமதம். சும்மா இருந்தால்தான் சூடு அதிகமென்று அவன் சொன்னதும் சரியாகப் போயிற்று. ஒரே நாளில் இரண்டு தடவை தோற்றது அவருக்குப் பிடிக்கவேயில்லை.

மறுநாள் காலையில் பெச்சா ரிக்ஷா ஒன்று பிடித்துத் தெங்கேராவுக்குப் போனார். தேவதாஸ் நிமிர்ந்து பார்க்காமல் எதற்கோ ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தான்.

"வலை அடைச்சிருந்துச்சு. சாம்பிராணி. நான்தான் போட்டேன்," என்றார் சுப்பையன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். நேத்துப் பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தர் வந்து ரேடியோவைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. இன்னிக்கு இன்னொருத்தர். அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"வீடு வீடா ஏறி இறங்கவா?"

"உங்ககிட்ட எத்தனை கொம்பு இருக்கு?"

"ஆறு."

"போதும்."

சுப்பையனுக்கு முகம் கறுத்தது. வாய்வரை வந்த வசவை விழுங்கினார். "வர்றியா, மாட்டியா?"

"நீங்க அன்னைக்குத் திடல்ல மைக்குல பேசுனா வர்றேன்."

தேவதாஸ் வருவான் என்று அன்று சாயங்காலத்துக்குள் சுப்பையன் செட்டியாருக்குச் சொல்லி அனுப்பினார்.

முப்பத்தொன்றாம் தேதி விடிந்ததிலிருந்தே திடலில் கூட்டம். பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு வரிசையில் நின்றார்கள். செட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த தேவதாஸ், ரேடியோவில் அறிவிப்பு வர இன்னும் பத்து நிமிஷம் என்று பத்து விரலையும் காட்டினான். செட்டியார் கடிகாரத்தைப் பார்த்தார். சுப்பையன் மைக்கைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் 'ஹலோ, ஒன், டூ, திரீ'யைத் தாண்டி அதில் ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை.

"மைக் செட்டு சுப்பையன் பேசுறேன். தெங்கேரா தேவதாஸ் என் வால்வைத் திருடிட்டான்னு சொன்னது நான்தான். அது பொய். செட்டு கொதிச்சது நான் போட்ட சாம்பிராணியால. அவன் கை சுத்தம். ரேடியோவைத் திருப்பி வாங்கினவங்க மறுபடி கொண்டுபோய்க் குடுங்க."

ஆறு கொம்புகளும் சொல்லி முடித்தன. தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

சுப்பையன் இரண்டடி நகர்ந்தார். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார்.

"இருந்தாலும், இனிமே அவன் மூடியைக் கழட்டுறப்ப நானும் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லாருக்கும் முன்னால் சிரித்தவன் தேவதாஸ். "உக்காருங்க தவுக்கே, தேத்தண்ணி நான் வாங்கித் தர்றேன்," என்று சொல்லிக்கொண்டே ரேடியோவின் குமிழைத் திருகினான்.