குட்டைக்குக் கிழக்குப் பக்கம்

2024 ஜூன் 12, புதன்கிழமை, ஜெர்மனியின் பீலெஃபெல்ட். பிற்பகல் மூன்று மணி. அமெரிக்காவின் ஒரிகனில் அப்போது காலை ஆறு.

தர்மிகா அப்பாவின் கட்டிலருகே நின்றபடி கைபேசித் திரையை மறுபடியும் கீழே இழுத்தாள்.

"வந்திட்டுதோ பிள்ளை?" என்றார் தம்பித்துரை.

"இல்லையப்பா. அங்க இப்பதான் விடியுது."

ஒரிகனின் உயர்ந்த பாலைநிலத்தில், பொதுக்காணியில், ஒரு கவைக்கொம்பு மான் சுடுவதற்கான அனுமதிக் குலுக்கலின் முடிவு அன்று வரவேண்டும். கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி தருவார்கள். புள்ளி கூடினால் வாய்ப்பும் கூடும். அப்பா பதினாறு சேர்த்திருந்தார். ஈரலில் புற்றுநோய் கண்டு ஐந்து மாதம். இன்றைக்குத் தாண்டாது என்று தாதி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

போர்வையின் மேல் வரைபடம் விரிந்துகிடந்தது.

"மஞ்சள் பொதுக்காணி. வெள்ளை ஆரோ ஒருத்தன்ரை. அதுக்குள்ள கால் வைக்கக்கூடாது." விரல் ஒரு நீலப் பொட்டில் நின்றது. "குட்டைக்குக் கிழக்குப் பக்கம் படுக்கவேணும். காத்து மேற்கால வரும். எங்கட மணம் மானுக்குப் போகாது."

தர்மிகா சன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், திரையை இழுத்தாள்.

அம்மா சுந்தரேஸ்வரி தண்ணீரும் கரண்டியுமாக வந்தாள். கணவர் சுட்ட இறைச்சியை அவள் ஒருநாளும் குசினிக்குள் விட்டதில்லை. அதற்குப் பால்கனியில் தனிச் சட்டி.

"எழும்பி இருக்க ஏலாது. மான் சுடப் போறாராம்."

"நீ சமைக்க வேண்டாம். நானே வைப்பன்."

"உங்கட சட்டியை எறிஞ்சு கனநாள்."

"பொய். இஞ்சயிருந்து தெரியுது."

சட்டி கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தது. தர்மிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

நாலரைக்கு அவருடைய மூச்சு மாறியது. கண் திறக்காமலே கேட்டார்.

"வந்திட்டுதோ?"

தர்மிகா திரையை இழுத்தாள். ஒன்றுமில்லை. அவள் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள்.

"ஓம். கிடைச்சிட்டுது."

தர்மிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் என்னோட வாறது?"

"நான்தான். வேற ஆர்?"

"நீ கதைப்பாய். மான் ஓடிடும்."

"கதைக்கமாட்டன். கிழக்குப் பக்கம்தானே? பேசாமப் படுத்திருப்பன்."

கரண்டித் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அதை அவள் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

ஐந்து இருபதுக்கு அவர் இறந்தார்.

இறப்பை எழுதிக் கொடுக்க டாக்டர் வந்தார். தம்பித்துரையின் பிறந்த தேதியைக் கேட்டார். தர்மிகா சொன்னாள். அம்மா வரைபடத்தை மடித்தாள். பழைய மடிப்பு பிடிபடவில்லை. மறுபடி விரித்தாள். தர்மிகா பால்கனிக்குப் போனாள். சட்டியில் மழைத்தண்ணீர் பாதிக்கு நின்றது.

ஆறு ஐம்பதுக்குக் கைபேசி அதிர்ந்தது. விண்ணப்பம் தெரிவாகவில்லை. தம்பித்துரையின் பெயரில் இப்போது பதினேழு புள்ளிகள்.