சாம்பலுக்கு ஒரே பதில்

12.8.2003, செவ்வாய்.

மதிப்பெண் போட்டதில் தவறு செய்துவிட்டேன். நான் நடத்தும் மாலை வகுப்பில், சாம்பலால் என்னென்ன பயன் என்று கேட்டிருந்தேன். மற்றவர்கள் பாத்திரம் தேய்க்க, செங்கல் செய்ய என்று ஆறேழு எழுதினார்கள். அனல்மின் நிலையத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்துச் சௌமியா ஒன்றுதான் எழுதினாள்: "காலையில் எந்தச் சுவரில் சாம்பல் படிந்திருக்கிறது என்று பார்த்தால், இரவு காற்று எங்கிருந்து அடித்தது என்று தெரியும்."

எண்ணிக்கையை மட்டும் பார்த்து, பத்துக்கு ஒன்று போட்டேன். யாருக்கும் தோன்றாத பதிலுக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டேன்.

அந்த மதிப்பெண்ணைப் பார்த்து, அவள் அப்பா திருமலை இன்று அவளை இறால் உரிக்கும் கொட்டகையில் சேர்த்துவிட்டார். தவறு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன்.

"இப்ப சொல்லி இன்னா சார்? அதுவே தாளைக் கிழிச்சுப் போட்டுட்ச்சு. நான் மக்குதான் நைனான்னு சொல்லுது."

நாளை காலை ஏழு மணிக்குள் கொட்டகைக்குப் போய், சௌமியாவிடம் நேரில் தவறைச் சொல்ல வேண்டும்.