சாரலில் பற்றும் குச்சி

குற்றால முகடுகளைத் தழுவிய ஆனித் திங்கள் முகில்கள் மெல்ல இறங்கி, அந்நாளில் முடியிழந்து நின்ற தென்காசியின் மொட்டைக் கோபுரத்தை நனைத்து, இலத்தூர் வயல்களின்மேல் பூந்தூறலாய்ச் சொரியும் காலைப்பொழுதில், ஊரெல்லாம் உவந்து மலையை நோக்க, பால்வண்ணநாதரின் தீப்பெட்டிப் பட்டறையில் மட்டும் எல்லாரும் முகஞ்சுளிப்பர். ஈரக்காற்றில் குச்சி உலராது. உலராத குச்சி பற்றாது. சாரலை வைதுகொண்டிருந்த கூட்டம் இந்நாட்டில் இவர்கள் மட்டுந்தாம், அன்புடையீர்!

அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு அரசு சுங்கத்தை உயர்த்திய நாளில் தழைத்த பட்டறை அது. அங்கே குச்சிமுனையை மருந்தில் தோய்ப்பவன் பிச்சுமணி. பெட்டி ஒட்டுபவள் அவன் மாமன் மகள் முத்துவடிவு. வரும் தையில் திருமணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்குள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டில், உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் வரி வந்தது. அரசின் முத்திரைத்தாள் ஒட்டாத பெட்டி வாயிலைத் தாண்டக் கூடாது. பால்வண்ணநாதர் கைப்பொருளெல்லாம் திரட்டி, ஓராண்டுக்கான முத்திரைகளை ஒருங்கே வாங்கி, களவுக்கு அஞ்சிப் பின்கட்டு அறையில் பூட்டிவைத்தார். ஆண்டுதோறும் சாரலுக்கு முன்னே குச்சிகளை அடுப்படிப் பரணில் ஏற்றும் அம்மனிதருக்கு, பசை தடவிய தாளும் சாரலுக்கு ஆகாதென்பது தோன்றவேயில்லை. ஆடியில் திறந்தபோது முத்திரைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாய்க் கிடந்தன. கெட்டவற்றுக்கு மாற்று இல்லை என்று அரசிடமிருந்து விடை வந்தது. பட்டறை மூடப்பட்டது.

மழை காணாச் சிவகாசிக்குப் பிழைக்கப் புறப்பட்ட பிச்சுமணி, "ஏட்டி வடிவு, அழாத. சாரல்லயும் பத்துத குச்சி ஒண்ணு செஞ்சிட்டம்னா, இங்கனயே பட்டறை போட்டிரலாம். செஞ்ச அன்னைக்கே ஓடியாந்திருதேன்" என்றான்.

"நெசமா வருவீங்களா அத்தான்?"

தன் தலைமேல் கைவைத்து உறுதி சொல்லிப் போனான்.

தைகள் நான்கு கழிந்தன. பெண் கேட்டு வந்தோரையெல்லாம் முத்துவடிவு திருப்பி அனுப்பினாள். அடுத்த ஆனியில், சிவகாசிக்குப் போயிருந்த பட்டறைத் தோழி ஞானபாக்கியம் ஊர் திரும்பி, ஒரு தீப்பெட்டியை அவள் கையில் வைத்தாள்.

"பிச்சுமணி அண்ணன் தந்துச்சு. வேற ஒண்ணும் சொல்லலட்டி" என்றவள், முகத்தைப் பாராமலே அகன்றாள்.

முத்துவடிவு முற்றத்துக்கு ஓடிச் சாரலில் நின்றாள். பற்றாதிருக்கட்டும், பற்றாதிருந்தால் இன்னும் காத்திருக்கலாமே என்று நெஞ்சு வேண்ட, குச்சியை உரசினாள். முதல் உரசலிலேயே குச்சி பற்றி எரிந்தது. செய்துவிட்டான், வரவில்லை. விரல் சுடும்வரை அதை அவள் கீழே போடவில்லை.

வரியை ஏற்றவும் இறக்கவும் அரசுக்கு ஓர் ஆணை போதும். அவ்வாணையால் ஊரைவிட்டுப் போனவனை மீட்டுத்தர எந்த ஆணையும் இல்லை. சாரல் அவ்வாண்டும் குறைவின்றிப் பெய்தது.