விறகு கேட்காத அடுப்பு

ஆஷ்கிராஃப்ட் நகரத்தில், வெர்னா ஹாலரனின் இரும்புச் சாமான் கடை அடுப்பு நவம்பர் நான்காம் தேதி முதல் விறகில்லாமல் எரிந்தது. எதில் எரிகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. மஸ்கீஸ் பேஸ்பால் அணி வழக்கம்போல் தோற்று வீடு திரும்பியதும், யாரை வைத்துக்கொள்ளலாம், யாரைத் துரத்தலாம் என்று ஏரிப்பனி உருகும்வரை அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது ஊர் வழக்கம். அந்த வருஷம் பேச்சே போதும் என்று அடுப்பு முடிவு செய்துவிட்டது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தார். போகிற போக்கில், பந்து வீசப் புதிதாக வாங்கிய பிட்ச்சர் ஒரு தண்டச்சோறு என்றார். அடுப்பு குப்பென்று எரிந்தது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாப் பேச்சும் எரியவில்லை. "சின்னப் பையன்தானே, இன்னும் ஒரு வருஷம் பாப்போம்" என்பது போன்ற நியாயமெல்லாம் ஈர விறகு, புகைகூட வராது. "அவனுக்கு வயசாயிடுச்சு" என்றால் கை காயும். "பந்தையே பிடிக்கத் தெரியாதவன் பொண்டாட்டிய எப்படிப் பிடிச்சு வெப்பான்?" என்றால் கடைசி அலமாரியில் இருக்கும் பெயின்ட் டப்பா வரை சூடேறும். இதில் கைதேர்ந்தவர் மெர்வின் ஹாட்ச், உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் துணைத் தலைமையாசிரியர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பேஸ்பால் பந்து அவரைத் தொட்டிருக்கிறது, அதுவும் நெற்றியில். ஆனாலும் அணி நிர்வாகத்தின் பிழைகளை மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். அவற்றை வாரந்தோறும் வானொலி நிலையத்துக்குப் போன் செய்து வாசித்தும் காட்டினார். அவர் வாய் திறந்தால் கால் மணி நேரம் யாரும் கோட்டுப் போட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கிளெம் ருட்னிக் மட்டும் எதையும் எரிக்காமல் குளிர்காய்ந்தார். அணியில் பந்து பிடிக்கும் கேட்சர் டென்னி கோவல் அவருடைய தங்கை மகன். தங்கை போன பிறகு அவர் வீட்டில் வளர்ந்தவன். அடுத்த தெருவில் குடியிருந்தான். முப்பத்து நான்கு வயது. முழங்காலில் ஆபரேஷன் என்று ஜூலையிலிருந்து ஆடாமல் உட்கார்ந்திருந்தான். அவனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று அந்த மாதம் இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அணி சொல்லியாக வேண்டும். கிளெம் முன்னால் அவனைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். அதனால் மற்ற இருபத்தைந்து பேரையும் எரித்துத் தீர்த்தார்கள்.

பத்தொன்பதாம் தேதி ஏரியிலிருந்து பனிப்புயல் வந்தது. மின்சாரம் போயிற்று. அடுப்பு சாம்பல் நிறத்துக்கு இறங்கியது. காலுறைகளை இரட்டையாகப் போட்டுக்கொண்டு எல்லோரும் கிளெமையே பார்த்தார்கள்.

"யோவ் கிளெம்," என்றார் மெர்வின். "நீ இங்க உக்காந்திருந்தா ஒருத்தனும் வாயத் தொறக்க முடியல. ஒண்ணு நீ பேசு, இல்ல வீட்டுக்குப் போ."

"மனுஷன் பாட்டுக்கு உக்காந்திருக்காரு, விடேன்," என்றாள் வெர்னா. அடுப்பு இன்னும் கொஞ்சம் தணிந்தது.

வீட்டில் கிளெமுக்கு ஒரு சாய்வு நாற்காலியும், மனைவி போனதிலிருந்து யாரும் திறக்காத ஒரு பியானோவும்தான் இருந்தன. ஊரில் அவரை யாராவது "வாய்யா" என்று சொல்லும் இடம் அந்தக் கடை ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப முழங்கால் இல்ல, தோளு," என்றார். "கைய மேல தூக்க முடியல அவனால. டீம் டாக்டருக்கே தெரியாது. தெனம் கோட்ட நான்தான் மாட்டி விடறேன்."

அடுப்பு செக்கச் செவேலென்று சிவந்தது. கூரை விளிம்பில் தொங்கிய பனிக்கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தபால் அலுவலகம் வரை தெருவில் பனி உருகித் தார் தெரிந்தது. கோட்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். "அடப்பாவி, இத உள்ள வெச்சுக்கிட்டா எங்கள நடுங்க விட்ட?" என்று யாரோ கிளெமின் முதுகில் தட்டினார். கிளெமும் சிரித்தார், அந்த மாதம் முழுவதும் அவர் விரல்கள் அப்படிச் சூடானதில்லை. மூன்று மணிக்குள் மெர்வின் தமது செல்போனில் வானொலி நிலையத்தைப் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை, டென்னியின் சேவைக்கு இரண்டு வரியில் நன்றி சொல்லி அணி அவனை அனுப்பியது. இது தாமதமான முடிவு என்று மெர்வின் கருதினார்.

சனிக்கிழமை காலை டென்னி அட்டைப்பெட்டி ஒட்டும் டேப் வாங்க வந்தான். அரிசோனாவில் ஒரு நண்பனின் கார் கடையில் வேலை இருந்தது. அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இடது கையை மட்டும் அடுப்பின் பக்கம் நீட்டினான்.

"நல்லா கதகதன்னு இருக்கே, மாமா. என்னத்தப் போட்டு எரிக்கறீங்க?"

மெர்வின் நோட்டைப் புரட்டினார். வெர்னா டேப்புக்குக் காசு வாங்க மறுத்தாள். அவன் கிளம்பியபோது கிளெம் பழக்கத்தில் எழுந்து கோட்டை விரித்துப் பிடித்தார். டென்னி அதை அவர் கையிலிருந்து வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டான்.

"இனிமே நானே பாத்துக்கறேன், மாமா," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அடுப்புக்குப் புதிய பேச்சு தேவைப்படவில்லை. கிளெம் சொன்ன அந்த நாலு வார்த்தையிலேயே ஒன்பது குளிர்காலமாக எரிகிறது. ஜூலையிலும் அணைவதில்லை, வெர்னா கதவைத் திறந்து வைக்கிறாள். மஸ்கீஸ் இன்னும் தோற்கிறது. கிளெம் தினமும் வருகிறார். கோட்டு, கையுறை, கம்பளித் தொப்பி எதையும் கழற்றாமல் பற்கள் கிட்டிக்க உட்கார்ந்திருக்கிறார்; மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அடுத்த கேட்சரைத் திட்டுகிறார்கள். அவர் உள்ளே வந்ததும் அடுப்புக்கு மிக அருகில் இருப்பவர் எழுந்து இடம் விடுவார். அவ்வளவு குளிர்கிறவருக்கு அந்த நாற்காலியைக் கொடுப்பதுதானே மரியாதை.